27314-ஆம் கதவு

லோவர் கிரீக், கேப் பிரெட்டன், கனடா
ஏப்ரல் 6, 2003

அன்புத் தம்பி டூகலுக்கு,

நான் நலம். வீடும் நலம், போன வாரப் புயலில் கூரை ஓடு இரண்டு பறந்ததைத் தவிர. துறைமுகத்தில் மிதக்கும் பனி இன்னும் விலகவில்லை. உன் பல் வலி என்ன ஆயிற்று? போன கடிதத்தில் ஒரே வரியில் எழுதிவிட்டு நழுவிவிட்டாய்.

அடக்க முடியவில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு வேலை கிடைத்துவிட்டது. வீட்டிலிருந்தே செய்கிற வேலை. மருத்துவர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும், கண்டதைப் பேசிப் பதிவு செய்கிறார்கள். அந்தப் பதிவு இன்டர்நெட் வழியாக என் கம்ப்யூட்டருக்கு வரும். நான் காதில் மாட்டிக் கேட்டு, டைப் அடித்து, திருப்பி அனுப்ப வேண்டும். காலடியில் தையல் மெஷினுக்கு இருப்பது போல ஒரு மிதி. அழுத்தினால் மருத்துவர் பேசுவார். காலை எடுத்தால் வாயை மூடுவார். நாற்பத்திரண்டு வயதில் ஓர் ஆண்பிள்ளையை இப்படி நிறுத்தி வைக்க எனக்கு இப்போதுதான் வாய்த்திருக்கிறது. மீன் ஆலை மூடியதிலிருந்து, நானும் எல்லாரையும் போல வேலை தேடி ஆல்பர்ட்டாவுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று இருந்தேன். இனி வேண்டாம்.

ஆனால் ஒரு முள் இருக்கிறது. என் கம்ப்யூட்டரில் ஃபயர்வால் என்ற காவல் புரோகிராமைப் போட்டு, எந்தெந்த அமைப்பை வைத்திருக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். எந்த நாளும் வந்து சோதிப்பார்களாம். ஒரு நோயாளியின் ரகசியம் வெளியே போனால் என் வேலையும் போகும். அவர்கள் கொடுத்த சிடி தட்டைப் போட்டேன். ‘பாதுகாப்பு நிலை: குறைவு, நடுத்தரம், உயர்வு’ என்று கேட்டது. அதற்குக் கீழே கட்டம் கட்டமாக முப்பது கேள்விகள். அரை மணி நேரம் சுட்டெலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

என்னோடு இதே வேலையில் சேர்ந்திருக்கும் பாலெட்டைக் கேட்டேன். அதுதான், அடுத்த தெரு பாலெட். “நடுத்தரம்னு போட்டுட்டுப் போடீ. நடுவுல நின்னா யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க,” என்றாள். உன்னைக் கேட்கப் போகிறேன் என்றதும் சிரித்தாள். “அடுத்தவங்க கம்ப்யூட்டருக்குள்ள பூந்துதானே நாலு வருஷம் வாங்கியிருக்கான். வீட்டப் பூட்டத் திருடனையா கேப்ப?” என்றாள். பூட்டைப் பற்றி வேறு யாருக்கு இவ்வளவு தெரியும் என்றேன். வருத்தப்படாதே. உடனே எழுது.

உன் பதிலுக்குத் தபால் பெட்டியையே பார்த்துக்கொண்டிருக்கும் அக்கா,
ரோனா


ஸ்டோன் பாயின்ட் சிறை
ஏப்ரல் 19, 2003

அன்புள்ள அக்கா,

பல்லைப் பிடுங்கிவிட்டார்கள், வலியும் அதோடு போயிற்று. சலவை அறையில்தான் இன்னும் வேலை. உன் முழங்கால் அந்த மிதிக்குத் தாங்குமா?

உன் கடிதத்தை ஐந்து முறை படித்தேன். இரண்டு வருடமாக என்னைக் கேள்வி கேட்டவர்கள் எல்லாம் போலீஸும் வக்கீலும்தான். ஒரு வேலை ஆக வேண்டும் என்று கேட்டது நீ ஒருத்திதான். வருத்தமா? இங்கே துவைத்த போர்வையை மடிக்கும்போதுகூட மனம் உன் கம்ப்யூட்டரைச் சுற்றியே ஓடுகிறது.

இப்படி நினைத்துக்கொள். உன் கம்ப்யூட்டருக்கு அறுபத்தைந்தாயிரத்துச் சொச்சம் கதவுகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அதில் உனக்கு வேண்டியது நான்கோ ஐந்தோ. ‘குறைவு’ எல்லாவற்றையும் திறந்து போடும். ‘நடுத்தரம்’ என்பது கதவைச் சாத்திவிட்டுச் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிடுவது. ‘உயர்வு’ போடு. அதைப் போட்டதும் ஒவ்வொரு புரோகிராமும் வெளியே போகவோ, வருகிறவனுக்காகக் காத்திருக்கவோ உன்னிடம் அனுமதி கேட்கும். ‘எப்போதும் ஆம்’ என்று சோம்பேறித்தனமாக அமுக்காதே. ‘இந்த முறை மட்டும்’ என்பதை அமுக்கி, பெயரை ஒரு நோட்டில் எழுது. ஒரு வாரம் பார்த்த பிறகு, நிச்சயமானதற்கு மட்டும் நிரந்தர அனுமதி கொடு. கோப்புகளைப் பகிரும் கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடு. உன் வீட்டில் ஒரே கம்ப்யூட்டர். யாரோடு பகிரப் போகிறாய்?

பெயர் தெரியாத எதற்கும் ‘வேண்டாம்’தான். மரியாதைக்குக்கூட ஆம் சொல்லிவிடாதே. வாசலில் நிற்கிற விற்பனைக்காரனை உள்ளே கூப்பிட்டுத் தேநீர் போட்டுக் கொடுக்கிறவள் நீ. அந்தக் குணம் இங்கே ஆகாது.

இன்னொன்று. யார் யார் தட்டினார்கள் என்று ஃபயர்வால் ஒரு பட்டியல் வைக்கும். அதை எழுதி அனுப்பு. சும்மா, எனக்குப் பார்க்க ஆசை.

செப்டம்பர் 25 அன்று பரோல் விசாரணை. நல்லபடி நடந்தால் இலையுதிர் காலத்தில் வீட்டில் இருப்பேன்.

இப்போதைக்கு இவ்வளவுதான்.
உன் டூகல்


லோவர் கிரீக்
மே 4, 2003

அன்புள்ள டூகல்,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பனி போய்விட்டது. படகுகளுக்கு வண்ணம் அடிக்கிறார்கள்; ஊர் முழுக்கப் பெயின்ட் வாடை.

‘உயர்வு’ போட்டேன். முதல் ஒரு மணி நேரத்தில் இருபத்து மூன்று கேள்விகள். இருபத்து மூன்றுக்கும் ‘வேண்டாம்’ என்றேன். எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? பிறகு தொலைபேசி அடித்தது. தலைமை அலுவலகத்துப் பெண்.

“ரோனா, உங்க மெஷின் செத்துப் போச்சா?”

“இல்லையே. ரொம்ப ஜாக்கிரதையா இருக்கு.”

“நாங்க அனுப்புற பதிவையே உள்ள விட மாட்டேங்குதே.”

அவர்களுடைய புரோகிராமையே நான் விரட்டியிருக்கிறேன். மூன்று மணி நேரம் நோட்டும் கையுமாக உட்கார்ந்து, எது எங்கே போகிறது என்று ஒவ்வொன்றாகப் பிரித்தேன். கடைசியில் அந்த ஒரு புரோகிராமுக்கு மட்டும், அவர்கள் இடத்துக்கு மட்டும் வழிவிட்டேன். முதல் பதிவு வந்து விழுந்தபோது, சமையலறையில் தனியாக நின்று கை தட்டினேன். படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்பியாயிற்று. வேலை தொடங்கிவிட்டது. ஒரு மருத்துவர் ஆப்பிள் கடித்துக்கொண்டே பேசுகிறார். ‘சிறுநீரகம்’ என்கிறாரா ‘சீக்கிரம்’ என்கிறாரா என்று தெரியாமல் நான் படும் பாடு பெரிது.

நீ கேட்ட பட்டியல் தனித்தாளில் இருக்கிறது. மூன்று நாளில் நானூற்று நாற்பது தட்டல்கள். இந்தத் தெருவில் என் வாசலை வருடத்துக்கு நான்கு பேர் தட்டினால் அதிகம். பெரும்பாலும் 135, 139, 445, 1433 என்று வெவ்வேறு இடங்களிலிருந்து கண்டபடி வருகின்றன. 27314 மட்டும் ஒழுங்காக வருகிறது. மூன்று நாளும் மாலை நான்கு மணி சுமாருக்கு, ஒரே இடத்திலிருந்து. யாரோ வேலைக்கு வந்து போவது போல.

பாலெட் நடுத்தரத்தில்தான் இருக்கிறாள். “உனக்கு வேற பொழப்பு இல்லையா?” என்கிறாள்.

விரைவில் எழுது. இது என்ன ஆட்டம் என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது.
அக்கா ரோனா


ஸ்டோன் பாயின்ட்
ஜூன் 3, 2003

அன்புள்ள அக்கா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. தாமதத்துக்கு நான் காரணமில்லை. உன் எண் பட்டியலைச் சங்கேத மொழி என்று நினைத்துக் கடிதத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள். தபால் பார்க்கும் அதிகாரி க்ரூக்ஷாங்க் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்.

“இது என்னப்பா, நூத்தி முப்பத்தொம்பது, நானூத்தி நாப்பத்தஞ்சு?”

“கதவு நம்பர் சார்.”

“எந்தக் கதவு? இந்த ஜெயில்லயே மொத்தம் முந்நூறு கதவுதான்.”

“என் அக்கா வீட்டுக் கதவு சார்.”

“உங்க அக்கா வீட்டுல ஆயிரத்து நானூத்தி முப்பத்து மூணாவது கதவா? அது என்ன, அரண்மனையா?”

விளக்கிச் சொல்ல இரண்டு வாரம் ஆயிற்று. கடைசியில் கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டு, வாசலைப் பார்த்துக்கொண்டே, “எங்க வீட்டுல நடுத்தரத்துல கிடக்குது. பரவாயில்லையா?” என்று மெதுவாகக் கேட்டார். உயர்வு போடச் சொல்லியிருக்கிறேன்.

நீ செய்ததெல்லாம் சரி. நானே செய்திருந்தாலும் இதைவிட நன்றாகச் செய்திருக்க மாட்டேன்.

27314 என்ற எண்ணுக்கு மட்டும் தனியாக ஒரு விதி எழுது. உள்ளே வரவும் கூடாது, வெளியே போகவும் கூடாது, எந்தப் புரோகிராம் கேட்டாலும் கூடாது. இன்றே செய். அந்த எண்ணை யாரிடமும் சொல்ல வேண்டாம்.

மழை விடாமல் பெய்கிறது.
டூகல்


லோவர் கிரீக்
ஜூன் 15, 2003

அன்புள்ள டூகல்,

சுகம்தானே? உன் கடிதம் கடைசியில் திடீரென்று முடிந்துவிட்டது. தாள் தீர்ந்துவிட்டதா?

விதியை எழுதிவிட்டேன். மாலை நான்கு மணிக்குத் தேநீர்க் கோப்பையோடு பட்டியல் முன்னால் உட்கார்ந்துவிடுகிறேன். சிலர் பறவை பார்ப்பது போல. ஒரு நாள் நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு வந்தான், தட்டினான், போனான். நேற்று நான் வெளியே போயிருந்தேன்; திரும்பி வந்து பார்த்தால் பட்டியலில் நான்கு பன்னிரண்டு. ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. ஆள் சர்ச்சுக்குப் போகிறானோ என்னவோ. வேலை, வேலையோடு ஒரு துப்பறியும் கதை. இந்த வயதில் வாழ்க்கை இவ்வளவு சுவாரசியமாகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். நேற்று பாலெட் வீட்டில் ஓட்ஸ் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தோம். அவள் கம்ப்யூட்டர் பக்கம் யாருமே இல்லை. ஆனாலும் இன்டர்நெட் பெட்டியின் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. மணி நான்கேகால். அது என்ன?

மாடி அறைக்கு வண்ணம் அடிக்க ஆரம்பித்திருக்கிறேன். விசாரணைக்கு நான் வரலாமாம், கேட்டுவிட்டேன்.

பதிலை எதிர்பார்க்கும்,
ரோனா


லோவர் கிரீக்
ஜூலை 20, 2003

டூகல்,

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. க்ரூக்ஷாங்கிடம் தொலைபேசியில் கேட்டேன். கடிதம் எதையும் நிறுத்தவில்லை, நீ நன்றாகத்தான் இருக்கிறாய் என்றார். அப்படியானால் சரி.

பாலெட்டை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவள் டைப் அடித்த ஒரு நோயாளிக்கு, மார்பில் கட்டி உள்ள ஒரு பெண்ணுக்கு, முன்பின் தெரியாத ஒருவன் தொலைபேசியில் பேசியிருக்கிறான். “உங்க டாக்டர் பதிமூணாம் தேதி பார்த்த கட்டிய எங்க மருந்து கரைச்சுடும்,” என்றானாம். அந்தப் பெண் தன் கணவனிடம்கூட இன்னும் சொல்லியிருக்கவில்லை. டாக்டருக்கும் பாலெட்டுக்கும் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது. பாலெட்தான் விற்றுவிட்டாள் என்று அலுவலகத்தில் நினைக்கிறார்கள்.

அவள் என் வீட்டுக்கு வந்து அழவில்லை. மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள். “நான் யாருகிட்ட சொல்லுவேன் ரோனா? என் சொந்தத் தங்கச்சிகிட்டகூடச் சொன்னதில்ல,” என்றாள்.

நேற்று சோதித்துப் பார்ப்பதற்காக மட்டும் அவள் கம்ப்யூட்டரில் ‘உயர்வு’ போட்டேன். போட்ட அந்த நிமிடமே ஒரு கேள்வி வந்தது. ‘பிரிண்ட் ஹெல்ப்’ என்ற ஒரு புரோகிராம் 27314-ஆம் கதவில் காத்திருக்க விரும்புகிறது, அனுமதிக்கலாமா?

அவளிடம் பிரிண்டரே கிடையாது.

டூகல், அந்த எண் என்னவென்று உனக்கு முன்பே எப்படித் தெரியும்?

ரோனா


ஸ்டோன் பாயின்ட்
ஜூலை 27, 2003

அக்கா,

நலம் விசாரிக்கும் தகுதி இந்தக் கடிதத்துக்கு இல்லை. வெளியே போகும் கடிதத்தை இங்கே பிரிப்பதில்லை, அதனால் நேராகச் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் புரோகிராம் நான் எழுதியது. கல்லூரியில் என் அலமாரிப் பூட்டின் எண்கள் 27, 3, 14. அதையே கதவுக்கு வைத்தேன். யார் கம்ப்யூட்டரில் அது நுழைகிறதோ, அவர்கள் அடிப்பதையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு, அந்தக் கதவைத் தட்டுகிறவனிடம் கொடுத்துவிடும். எந்த வீட்டில் அது இருக்கிறது என்று அறிய அவன் எல்லார் கதவையும் தட்டிப் பார்ப்பான். பிரதி ஒன்றே ஒன்றுதான், அது போலீஸ் எடுத்த என் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று நீதிமன்றத்தில் சத்தியம் செய்தேன். அது பொய். கைதாவதற்கு ஒரு வாரம் முன்னால் வின்ஸ் டோபினிடம் ஒரு பிரதி கொடுத்திருந்தேன். அவன் பெயரை நான் யாரிடமும் சொல்லவில்லை. நண்பனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். இன்னொரு பிரதி இருக்கிறது என்று தெரிந்தால் தண்டனை கூடும் என்ற பயம்தான் காரணம்.

உன் பட்டியலில் அது பதினோராவது வரி. பார்த்ததும் வின்ஸ்தான் என்று தெரிந்துவிட்டது. உன் கதவை அடைக்கச் சொல்லி எழுதினேன். அதோடு என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன். பாலெட் வீட்டு விளக்கு மினுக்குகிறது என்று நீ எழுதினாய். அது என்னவென்று எனக்குத் தெரியும். பதில் எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். விசாரணைக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம், செப்டம்பர் தானே என்று நினைத்தேன்.

இப்போது சொன்னால் விசாரணை போய்விடும். மேலும் ஒரு குற்றம் சேரும். என்ன செய்யட்டும், நீயே சொல்.

டூகல்


லோவர் கிரீக்
ஆகஸ்ட் 2, 2003

டூகல்,

என்ன செய்யட்டும் என்று என்னைக் கேட்காதே. உனக்கு முப்பத்து மூன்று வயது.

பாலெட்டிடம் நான் இன்னும் சொல்லவில்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கும் கடைக்குக்கூட அவளைத் தவிர்க்கச் சுற்றிப் போகிறேன். உனக்குப் பத்து நாள் தருகிறேன். அதற்குள் நீ சொல்லவில்லை என்றால், உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நானே போலீஸுக்குப் போவேன். நீ என் தம்பி. ஆனாலும் போவேன்.

ரோனா


ஸ்டோன் பாயின்ட்
ஆகஸ்ட் 31, 2003

அன்புள்ள அக்கா,

இப்போது உன்னை நலமா என்று கேட்கலாம் என்று நினைக்கிறேன். நலமா?

உன் கடிதம் வருவதற்கு முன்பே போய்ச் சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசைதான். இல்லை. கடிதம் வந்து நான்கு நாள் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஐந்தாம் நாள் துணி உலர்த்தும் இடத்தில் க்ரூக்ஷாங்கைப் பார்த்ததும் கால் தானாக நின்றுவிட்டது. “சார், நான் கோர்ட்டுல ஒரு பொய் சொல்லியிருக்கேன்,” என்றேன். அவர் என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத் தொலைபேசியைத் தேடிப் போனார்.

போன புதன்கிழமை போலீஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் சார்ஜென்ட் ஆர்செனோ என்ற பெண். கம்ப்யூட்டர் குற்றங்கள் அவர் துறை. வின்ஸைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு இன்னொன்றும் சொன்னேன். அந்தப் புரோகிராமுக்குள் ஒரு சொல் வைத்திருக்கிறேன். அதை அந்தக் கதவில் போய்ச் சொன்னால் அது தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாலெட் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த பிரதி அவர் மடிக்கணினியில் இருந்தது. விசைப்பலகையை நான் தொடக் கூடாது. கையைக் கட்டிக்கொண்டு ஆறடி தள்ளி உட்காரச் சொன்னார்கள்.

“அந்த வார்த்தை என்ன, சொல்லு?”

“ஸ்குர்.”

“என்னது?”

“கேலிக்குங்க, ஸ்காட்லாந்துப் பழைய மொழி. ‘நிறுத்து’ன்னு அர்த்தம். நாங்க அடிச்சுக்கிட்டா எங்க அம்மா அப்படித்தான் அதட்டுவாங்க. எஸ், ஜி, யு, ஐ, ஆர்.”

அடித்தார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அடித்தார். புரோகிராம் அப்படியே உட்கார்ந்திருந்தது. கூட வந்தவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. இவன் மறுபடி கதை விடுகிறான் என்று அந்தப் பார்வையிலேயே எழுதியிருந்தது. கண்ணை மூடி அந்தப் பழைய வரிகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. கேலிக் எழுத்துக்கூட்டல் சரியாகக் கற்றதே சிறைக்கு வந்த பிறகு, இங்கே நூலகத்தில். அன்றைக்கு எனக்கு என்ன தெரியும்? காதில் விழுந்தபடி எழுதியிருப்பேன்.

“எஸ், கே, ஓ, ஓ, ஆர்னு போட்டுப் பாருங்க.”

போட்டார். திரையைப் பார்த்தார். சந்தேகம் தீர, இன்னொரு பிரதியை வைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “போயிருச்சு,” என்றார். “எழுத்துப் பிழையோடவா வெச்ச?” என்று முதல் முறையாகச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். பிறகு மார்பில் கட்டி உள்ள அந்தப் பெண் ஞாபகம் வந்தது, வாயை மூடிக்கொண்டேன்.

நீதிபதியின் அனுமதி வாங்கி மற்ற கம்ப்யூட்டர்களுக்கும் செய்வார்களாம். முந்நூற்றுக்கு மேல் இருக்கின்றன. செப்டம்பர் விசாரணை ரத்து. பொய்ச் சத்தியத்துக்குத் தனி வழக்கு. அதெல்லாம் நியாயம்தான். மூன்று மாதத்தில் முதல் முறையாக நேற்று நிறையச் சாப்பிட்டேன்.

பாலெட்டிடம் சொல்லிவிடு. அவள் என்ன சொன்னாலும் அதை அப்படியே எனக்கு எழுது.

உன் தம்பி
டூகல்


லோவர் கிரீக்
அக்டோபர் 12, 2003

அன்புள்ள டூகல்,

நான் நலம். நன்றித் திருநாள் வான்கோழியைத் தனியாகத் தின்று முடிக்க முடியவில்லை. அது ஒன்றுதான் குறை. நீ நலமென்று க்ரூக்ஷாங்க் சொன்னார். எனக்கும் அவருக்கும் தொலைபேசிப் பழக்கம் ஆகிவிட்டது.

சென்ற மாதம் 18-ஆம் தேதி ஆர்செனோ கூப்பிட்டார். “மூணு மணிக்குப் பாலெட் வீட்டுல இருங்க, திரையப் பாத்துக்கிட்டே இருங்க,” என்றார். நானும் பாலெட்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். ஓடுகிற புரோகிராம்களின் பட்டியலில் ‘பிரிண்ட் ஹெல்ப்’ ஒன்பதாவதாக இருந்தது. மூன்று மணி இரண்டு நிமிடம். கண் சிமிட்டிப் பார்த்தால் இல்லை. பாலெட் என் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். அவள் நகத் தடம் இரண்டு நாள் இருந்தது. வின்ஸ் டோபினை அதே வாரம் பிடித்துவிட்டார்கள். நோயாளிகளின் விவரத்தை மருந்து விற்பவர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தானாம். அலுவலகம் அவளிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்டு, வேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. நோயாளிகள் எல்லாருக்கும் தகவல் சொல்லிவிட்டார்கள்.

அன்றுதான் உன் பெயரைச் சொன்னேன். அப்படியே எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். “ரெண்டு மாசம் இந்த ஊர் என்னைத் திருடியாப் பாத்துச்சு. அவனுக்கு அந்த ஒரு சொல்லு முதல்லயே தெரியும். சொல்லாமத்தான இருந்தான்,” என்றாள். பிறகு பாத்திரம் கழுவினாள். மூன்று வாரம் என் பக்கமே வரவில்லை. போன செவ்வாய்க்கிழமை நோட்டோடு வந்து நின்றாள். “எனக்கும் இனிமே நிரந்தரமா உயர்வு போட்டுக் குடு. அவன்கிட்டக் கேக்காத, நீயே போடு,” என்றாள். நாலரை மணி நேரம் உட்கார்ந்து இரண்டு பேருமாகப் போட்டோம். சிரிப்பும் வந்தது, சண்டையும் வந்தது. இப்போது எங்கள் அலுவலகத்தில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என் எண்ணைக் கொடுக்கிறார்கள்.

பரோல் அதிகாரி பூட்ரோ அம்மாவும் வந்திருந்தார். புது விசாரணை பிப்ரவரியில் இருக்கலாமாம். ஆனால் இன்டர்நெட் உள்ள கம்ப்யூட்டர் இருக்கும் வீட்டில் நீ தங்க முடியாது என்றார். என் பிழைப்பே அதுதான் என்றேன். “அப்ப அத அவரால தொறக்க முடியாதுன்னு நீங்க நிரூபிக்கணும். அவரு தொழிலே அதுங்கிறத மறந்துடாதீங்க,” என்றார்.

நிரூபிக்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

உன் அக்கா
ரோனா


ஸ்டோன் பாயின்ட்
நவம்பர் 9, 2003

அன்புள்ள அக்கா,

சளி பிடித்திருக்கிறது, மற்றபடி நலம். பொய்ச் சத்தியத்துக்கு நான்கு மாதம் கூட்டிவிட்டார்கள். நீதிபதி, “தாமதமாகச் சொன்னாய். ஆனால் சொன்னாய்,” என்றார்.

பாலெட் சொன்னதைப் படித்தேன். அவளுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பவில்லை. எழுத்தில் மன்னிப்புக் கேட்பது எனக்கு ரொம்பச் சுலபம். அதனாலேயே தயக்கமாக இருக்கிறது.

கம்ப்யூட்டர் விஷயம். என்னைத் தடுக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. முதலில் நீ

இல்லை, அக்கா. நான் சொல்லிக்கொடுத்தால் அது எனக்குத் தெரிந்த வழியாகிவிடும். இந்த முறை நான் வாயே திறக்கப் போவதில்லை. நீயே யோசி. என்ன செய்தாய் என்று எனக்கு எழுதவும் எழுதாதே.

உன்னால் முடியும் என்று தெரிந்திருக்கும்
டூகல்


லோவர் கிரீக்
பிப்ரவரி 22, 2004

அன்புள்ள டூகல்,

விசாரணையில் உன்னைப் பார்த்தது போதாது, சளி விட்டதா என்று கேட்கக்கூட விடவில்லை. மெலிந்திருக்கிறாய். அனுமதி என்று அவர்கள் சொன்னபோது நீ மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் பின்வரிசையில் அழுதது உனக்குத் தெரிந்திருக்காது.

கடைசிச் சோதனை நேற்று நடந்தது. ஆர்செனோவே நேரில் வந்தார். “உங்க தம்பியா நெனச்சுக்கிட்டு நான் உள்ள போகப் பாக்குறேன். நீங்க ஒண்ணும் சொல்லக் கூடாது,” என்று சொல்லி என் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் அடுப்பு ஓரம் போய் நின்றுகொண்டேன். பூட்ரோ அம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் ஆயிற்று. அரை மணி ஆயிற்று. ஆர்செனோ கோட்டைக் கழற்றினார். மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக் கம்பிகளைப் பார்த்தார். தான் கொண்டுவந்த சிடி தட்டுகளைப் போட்டுப் பார்த்தார். நான் மூன்றாவது முறையாகத் தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன். ஒரு மணி ஐந்து நிமிடத்தில் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

“யாரு போட்டது இத?”

“நான்தான்.”

“யாரு சொல்லிக் குடுத்தா?”

“ஆரம்பம் அவன். மிச்சம் நான்.”

“எங்க வேலைக்கு வர்றீங்களா?” என்றார். விளையாட்டுக்குத்தான் கேட்டார் என்று நினைத்தேன். போகும்போது ஒரு விண்ணப்பத்தை மேசை மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது. ஒரு நாளைக்குப் பத்து முறை அதைக் கடந்து போகிறேன். பேனாவையும் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

மார்ச் 4, வியாழக்கிழமை உன் பேருந்து மாலை ஐந்தேகாலுக்கு நம் கேப் பிரெட்டன் சிட்னிக்கு வரும். என் வண்டி பனியில் கிளம்பாது. பாலெட் ஓட்டுகிறாள். நான் கேட்கவில்லை, அவளே வந்து சொன்னாள். “நான் ஓட்டுறேன். அவன் முன் சீட்டுல உக்காரணும். நான் பேசி முடிக்கிற வரைக்கும் அவன் வாயத் தொறக்கக் கூடாது,” என்றாள்.

பேருந்து நிலையத்திலிருந்து வீட்டுக்கு நாற்பது நிமிடம். அவளுக்கு அது பத்தாது என்று நினைக்கிறேன். நான் பின்னால் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவேன். உனக்காக ஒரு வார்த்தை பேச மாட்டேன். நீ கேட்டுக்கொண்டே வா.

தொப்பியும் கையுறையும் மறக்காதே.
அக்கா ரோனா